வரிசையில் நகரும் துகள்கள்: ஒட்டுறவைக் கையால் கணக்கிட்டு, கணினியில் அளக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரே வரிசை, முந்திச் செல்ல இடமில்லை, முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் நாம் ஓரடி வைக்கலாம். ரேஷன் கடை வாசலில் நின்று பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்த வரிசையைக் கணக்காக எழுதினால் கிடைக்கும் மாதிரியைத்தான் இயற்பியலில் டாசெப் என்கிறார்கள். முழுப்பெயர் 'முற்றிலும் சமச்சீரற்ற எளிய விலக்கு நிகழ்முறை'. வாயில் நுழையாத பெயர் என்பதால் டாசெப் என்றே வைத்துக்கொள்வோம்.

1968-இல் மெக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் மூவரும் உயிரியலுக்காக இதை எழுதினார்கள். தூது ஆர்என்ஏ இழையின் மேல் ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து புரதம் தயாரிப்பதுதான் அவர்கள் மனத்தில் இருந்த காட்சி. 1970-இல் ஃப்ராங்க் ஸ்பிட்சர் அதே மாதிரியைக் கணிதத்தின் பக்கம் கொண்டுவந்தார். அப்புறம் சாலைப் போக்குவரத்து, எறும்பு வரிசை, செல்லுக்குள் சரக்கு சுமக்கும் மோட்டார் புரதங்கள் என்று எல்லாரும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

பெரும்பாலான அறிமுகங்கள் அடர்த்தி வரைபடத்தோடு நின்றுவிடும்: எந்த இடத்தில் சராசரியாக எத்தனை துகள், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அடுத்த கேள்வி. இந்தக் கட்டத்தில் துகள் இருக்கிறது என்று தெரிந்தால், அந்தக் கட்டத்தைப் பற்றி ஏதாவது தெரியவருமா? அதுதான் இட ஒட்டுறவு. அடர்த்தி வரைபடம் இதை மறைத்துவிடும், சில சமயம் பொய்யே சொல்லும். ஒரு பேப்பர், ஒரு பேனா, கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும், இதை நாமே பிடித்துவிடலாம்.

படி 1: விதிகளைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

நூறு கட்டங்கள் கொண்ட ஒரு பாதை. ஒவ்வொரு கட்டத்திலும் அதிகபட்சம் ஒரு துகள். வலப்பக்கக் கட்டம் காலியாக இருந்தால், துகள் அலகு நேரத்துக்கு 1 என்ற வீதத்தில் அங்கே தாவும். இடப்பக்கம் போகவே போகாது. முதல் கட்டம் காலியாக இருந்தால் வெளியிலிருந்து ஒரு துகள் நுழையும். இதற்கு நுழைவு வீதம் என்று பெயர். கடைசிக் கட்டத்தில் இருக்கும் துகள் வெளியேறும். அதற்கு வெளியேற்ற வீதம்.

இவ்வளவு எளிய விதியிலிருந்து என்ன பெரிய விஷயம் வந்துவிடப்போகிறது என்று தோன்றும். இந்த மாதிரிக்கு எல்லா வீதங்களுக்கும் பொருந்தும் துல்லியமான விடை வர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் டெரிடா, எவான்ஸ், ஹக்கீம், பாஸ்கியே நால்வரும் அணிகளின் பெருக்கலைக் கொண்டு விடை கண்டார்கள். ஷூட்ஸ், டொமானி இருவரும் அதே ஆண்டில் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

படி 2: இரண்டே கட்டங்களைக் கையால் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பத்து நிமிட வேலை, முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது.

இரண்டு கட்டங்கள் மட்டும், நுழைவு வீதம் 1, வெளியேற்ற வீதம் 1. காலியை 0 என்றும் துகளை 1 என்றும் எழுதினால் நான்கு நிலைகள்தான்: 00, 10, 01, 11. எது எங்கே போகும்? 00-இல் ஒரு துகள் நுழைந்தால் 10. அந்தத் துகள் தாவினால் 01. 01-க்கு இரண்டு வழிகள்: கடைசித் துகள் வெளியேறி 00 ஆகலாம், அல்லது புதுத் துகள் நுழைந்து 11 ஆகலாம். 11-இல் முதல் துகள் அடைபட்டு நிற்கிறது. கடைசித் துகள் வெளியேறினால் 10.

நீண்ட நேரம் ஓடவிட்டால் ஒவ்வொரு நிலைக்கும் வரும் போக்குவரத்தும் அதிலிருந்து போகும் போக்குவரத்தும் சமமாகிவிடும். 00-க்கு வருவது 01-லிருந்து மட்டும், அதனால் இரண்டின் எடையும் (அந்த நிலையில் கழியும் நேரத்தின் பங்கு) ஒன்றே. 11-க்கு வருவதும் 01-லிருந்து மட்டும், ஆக அதன் எடையும் அதே. 10-க்கு 00, 11 இரண்டிலிருந்தும் வருகிறது, எனவே இரட்டை எடை. 00, 10, 01, 11 என்ற வரிசையில் எடைகள் 1, 2, 1, 1. கூட்டினால் 5.

இப்போது அறுவடை. முதல் கட்டம் நிரம்பியிருக்கும் நிகழ்தகவு 3/5, இரண்டாவது கட்டம் நிரம்பியிருக்கும் நிகழ்தகவு 2/5. இரண்டும் ஒருசேர நிரம்பியிருக்கும் நிகழ்தகவு 1/5. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்திருந்தால் பெருக்கல் தொகை 6/25 வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ 5/25. வித்தியாசம் −1/25, அதாவது −0.04. இதுதான் ஒட்டுறவு: ஒருசேர நிரம்பியிருக்கும் நிகழ்தகவிலிருந்து தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கலைக் கழித்தால் மிஞ்சுவது. புள்ளியியல் பாடத்தில் உடன்மாறுபாடு என்று படித்தது இதையேதான். குறி எதிர்மறையாக இருப்பதால், ஒரு கட்டம் நிரம்பியிருந்தால் மற்றது காலியாக இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

ஓட்டத்தையும் பாருங்கள், அதாவது ஓர் அலகு நேரத்தில் சராசரியாக எத்தனை துகள் கடந்துபோகிறது என்பதை. நடுவில் தாவல் நடப்பது 10 நிலையில் மட்டும், எனவே ஓட்டம் 2/5, அதாவது 0.4. இதே கணக்கை 'கட்டங்களுக்குள் சம்பந்தமே இல்லை' என்று வைத்துக்கொண்டு போட்டால் என்ன ஆகும்? சராசரிப் புலத் தோராயம் என்பது அதுதான். முதல் கட்ட அடர்த்தியை அ என்று வைத்தால், நுழைவது 1 − அ, தாவுவது அ × அ. இரண்டையும் சமப்படுத்தினால் அ = 0.618 வரும். ஆமாம், பொன் விகிதம்தான் எட்டிப் பார்க்கிறது! அழகாக இருக்கிறது, ஆனால் தப்பான விடை. ஓட்டம் 0.382 என்று வருகிறது, உண்மையில் 0.4. ஒட்டுறவை மறந்ததற்கு நூற்றுக்கு நாலரை அபராதம்.

ஆர்வம் இருந்தால் மூன்று கட்டங்களுக்கும் போடுங்கள். எட்டு நிலைகள், எடைகளின் கூட்டல் 14. ஒரு கட்டத்துக்கு 2, இரண்டுக்கு 5, மூன்றுக்கு 14, நாலுக்கு 42. அடைப்புக்குறிகளைச் சரியாகப் போடும் வழிகளை எண்ணியவர்களுக்கு இந்த வரிசை பழக்கமாக இருக்கும், கேட்டலன் எண்கள். இதிலிருந்து, இரு வீதங்களும் 1 ஆக இருக்கும்போது எந்த நீளத்துக்கும் பொருந்தும் சூத்திரம் கிடைக்கிறது: ஓட்டம் = (நீளம் + 2) ÷ (2 × (2 × நீளம் + 1)). நீளம் 100 என்றால் 102/402, அதாவது 0.2537. இந்த எண்ணை எங்காவது குறித்துவையுங்கள், நிரலைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

படி 3: வளையம், அதாவது ஒட்டுறவு ஏறக்குறைய இல்லாத இடம்

பாதையின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கினால் துகள்களின் எண்ணிக்கை மாறாது. இங்கே ஒரு சுகமான உண்மை: நிலைத்த நிலையில் எல்லா அமைப்புகளுக்கும் ஒரே நிகழ்தகவு. நிரூபணம் ஒரு வரிதான். ஒட்டி நிற்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னால் இருப்பவர் மட்டுமே நகர முடியும், எனவே ஓர் அமைப்பிலிருந்து வெளியே போகும் வழிகள் கூட்டங்களின் எண்ணிக்கைக்குச் சமம். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் நிற்பவர் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கலாம், ஆக உள்ளே வரும் வழிகளும் கூட்டங்களின் எண்ணிக்கைக்குச் சமம். 110100 என்ற வளையத்தில் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். போக இரண்டு வழி, வர இரண்டு வழி.

எல்லா அமைப்பும் சமம் என்றால் இது சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். எந்த இரண்டு கட்டங்களை எடுத்தாலும், பக்கத்தில் இருந்தாலும் எதிர்ப்பக்கம் இருந்தாலும், ஒட்டுறவு ஒரே அளவு: −அடர்த்தி × (1 − அடர்த்தி) ÷ (நீளம் − 1). நூறு கட்டம், ஐம்பது துகள் என்றால் −0.0025. இதில் இயற்பியல் எதுவும் இல்லை. ஒரு துகள் இங்கே இருந்தால் மீதி இடங்களுக்கு ஒன்று குறைவு, அவ்வளவே. ஓட்டம் 50 × 50 ÷ (100 × 99) = 0.2525. இதையும் குறித்துவையுங்கள்.

படி 4: நிரல் எழுதுவது, நான் விழுந்த பள்ளம்

கட்டங்களை 0, 1 கொண்ட ஒரு பட்டியலாக வையுங்கள். நூறு கட்டங்களுக்கு இடையில் 99 தாவல் இடங்கள், இரு முனைகளையும் சேர்த்தால் 101. ஒவ்வொரு முயற்சியிலும் இந்த 101-இல் ஒன்றைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுங்கள். நுழைவாயில் வந்து, முதல் கட்டம் காலியாக இருந்தால், நுழைவு வீதத்துக்குச் சமமான நிகழ்தகவோடு துகளைப் போடுங்கள். வெளிவாயிலும் அப்படியே. நடுவில் ஏதாவது வந்து, இடப்பக்கம் துகளும் வலப்பக்கம் காலியும் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள். இப்படி 101 முயற்சிகள் ஒரு நேர அலகு. வீதங்கள் 1-க்கு மேல் போகாதவரை இது சரியாக வேலை செய்யும்.

வெறும் பைத்தான் சுற்றில் ஓட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம், சாப்பாடே முடித்துவிட்டும் வரலாம். நம்பா (பைத்தான் நிரலை வேகப்படுத்தும் நூலகம்) போட்டால் பல மடங்கு வேகம். சி மொழி தெரிந்தவர்கள் சியிலேயே எழுதிவிடுங்கள்.

முதன்முதலில் இதை எழுதியபோது 'எதற்குச் சீரற்ற தேர்வு, வரிசையாக இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போனால் வேகமாக முடியுமே' என்று நினைத்தேன். வளையத்தில் ஓட்டம் 0.2525 வர வேண்டிய இடத்தில் அதைவிடக் கணிசமாக அதிகம் வந்தது. சீரற்ற எண்ணின் மேல் பழி போட்டு ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிய பிறகுதான் புரிந்தது: துகள் நகரும் திசையிலேயே நானும் நகர்ந்துகொண்டிருந்தேன். ஒரு துகளைத் தாவவைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் அங்கே அதே துகள் நிற்கிறது, மறுபடியும் அதையே தாவவைக்கிறேன். பாதை காலியாக இருந்தால் ஒரே சுற்றில் அது பல கட்டம் போய்விடுகிறது. அது வேறு மாதிரி, அதன் ஒட்டுறவும் வேறு. புதுப்பிக்கும் முறை மாதிரியின் ஒரு பகுதி என்பதை மறக்கவே கூடாது. படி 8-இல் இதற்குத் திரும்பி வருவோம்.

எனவே எதையும் அளப்பதற்கு முன் மூன்று எண்களைச் சரிபாருங்கள். இரு கட்டப் பாதையில் 0.4, நூறு கட்டப் பாதையில் 0.2537, வளையத்தில் 0.2525. மூன்றும் வந்தால் நிரலை நம்பலாம்.

படி 5: ஒரே எண்ணால் ஒட்டுறவைப் பிடிப்பது

ஒட்டுறவு என்றதும் எல்லோரும் நூறுக்கு நூறு அட்டவணை போட ஆரம்பித்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம். அதற்கு முன், பாதையில் மொத்தம் எத்தனை துகள் என்று ஒவ்வொரு நேர அலகிலும் எண்ணி, அந்த எண்ணின் விலக்க வர்க்கச் சராசரியைக் கணக்கிடுங்கள். பத்தாம் வகுப்பில் போட்ட அதே கணக்குதான்.

ஏன் இது? மொத்த எண்ணிக்கையின் விலக்க வர்க்கச் சராசரி இரண்டு பங்குகளால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடர்த்தி × (1 − அடர்த்தி) என்று போட்டுக் கூட்டினால் ஒரு பங்கு. எல்லா ஜோடிகளின் ஒட்டுறவையும் கூட்டி இரட்டித்தால் இன்னொரு பங்கு. முதல் பங்கு அடர்த்தி வரைபடத்திலேயே இருக்கிறது. மிச்சம் முழுக்க ஒட்டுறவு. படி 2-இன் விடையை வைத்தே சோதிக்கலாம்: இரண்டு கட்டங்களுக்கும் 6/25 வீதம் 12/25, அதிலிருந்து 2/25 போனால் 10/25. நான்கு நிலைகளிலிருந்து நேரடியாகப் போட்டாலும் 2/5-தான்.

நூறு கட்டங்களுக்கு இந்த எண் என்ன சொல்கிறது?

வளையத்தில் 0. துகள் எண்ணிக்கை மாறாதே.

நுழைவு 0.25, வெளியேற்றம் 0.75 என்று வைத்தால் 18.75. இது ஒரு விசேஷமான இடம்: இரு வீதங்களையும் கூட்டினால் 1 வரும்போது ஒட்டுறவு முற்றிலும் மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக நாணயம் சுண்டிய மாதிரி நிரம்புகிறது. 100 × 0.25 × 0.75, அவ்வளவுதான். சராசரிப் புலத் தோராயம் துல்லியமாகப் பொருந்தும் இடம் இது. பாடம் எடுப்பவர்கள் உதாரணத்துக்குத் தெரியாமல் இந்தக் கோட்டில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டு 'தோராயம் பிரமாதம்' என்று முடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

இரு வீதமும் 1 என்றால் 12.69. இங்கேதான் நிமிர்ந்து உட்கார வேண்டும். பாதையின் நடுவில் அடர்த்தி ஏறக்குறைய பாதி, ஆகச் சம்பந்தமில்லாத கட்டங்களாக இருந்தால் 25-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். வந்திருப்பது ஏறக்குறைய அதில் பாதி! துல்லியமான சூத்திரம்: நீளம் × (நீளம் + 2) ÷ (4 × (2 × நீளம் + 1)). துகள் எண்ணிக்கையின் பரவல், கேட்டலன் எண்களைக் கூறுபோட்டுக் காட்டும் நாராயணா எண்களாக வருவதால் இப்படிக் கைக்கு அடக்கமான விடை கிடைக்கிறது. நீளம் கூடக் கூட இது நீளத்தின் எட்டில் ஒரு பங்கை நெருங்கும்.

இரு வீதமும் 0.25 என்றால் 225-ஐ ஒட்டி வரும். தட்டச்சுப் பிழை இல்லை. இருநூற்று இருபத்தைந்தேதான். இதற்குத் தனிப்படியே தேவை.

படி 6: எட்டில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது

இரு வீதமும் பாதிக்கு மேல் இருக்கும் பகுதிக்கு உச்ச ஓட்ட நிலை என்று பெயர். வாசல்கள் தாராளமாகத் திறந்திருக்கின்றன, ஓட்டத்தைப் பாதையே கட்டுப்படுத்துகிறது, பாதை நீள நீள அது 1/4-ஐ நெருங்கும்.

இங்கே அடர்த்தி நுழைவாயிலருகே கொஞ்சம் அதிகமாக இருந்து, உள்ளே போகப் போக மெதுவாகப் பாதிக்கு இறங்குகிறது. எவ்வளவு மெதுவாக என்பதில்தான் ஒட்டுறவின் கைரேகை தெரிகிறது. ஒட்டுறவை மறந்து கணக்கிட்டால் பாதிக்கு மேல் உள்ள உபரி, தூரத்துக்கு நேர்மாறாகக் குறையும். பத்தாவது கட்டத்தில் அடர்த்தி 0.545. உண்மையில் அது தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. மிக நீண்ட பாதையில் பத்தாவது கட்டத்தின் அடர்த்தி ஏறத்தாழ 0.59. வாசலின் செல்வாக்கு தோராயம் சொல்வதைவிட வெகுதூரம் உள்ளே போகிறது.

அந்தப் பாதிக் கணக்குக்கு நல்ல விளக்கத்தை 2004-இல் டெரிடா, எனோ, லெபோவிட்ஸ் கொடுத்தார்கள். நுழைவாயிலிலிருந்து துகள்களை எண்ணிக்கொண்டே போனால், எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து நாம் விலகும் அளவு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு துண்டுகளின் கூட்டல். ஒன்று வழக்கமான பிரவுனியன் அலைச்சல், அதாவது கட்டுப்பாடில்லாத சீரற்ற நடை. இன்னொன்று பூஜ்யத்தில் தொடங்கி, நடுவில் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் அலைந்து, கடைசியில் பூஜ்யத்துக்கே திரும்பும் அலைச்சல். இரண்டாவது துண்டு முடிவில் பூஜ்யம் என்பதால் மொத்த எண்ணிக்கைக்கு அது எதையும் சேர்ப்பதில்லை. பாதி காணாமல் போவது இப்படித்தான்.

இதில் ஒரு நுட்பம். பாதையின் நடுவில் பத்துக் கட்டங்களை மட்டும் வெட்டியெடுத்து எண்ணினால் வித்தியாசமாக எதுவும் தெரியாது. விலக்க வர்க்கச் சராசரி கட்டத்துக்கு ஏறக்குறைய 0.25 என்று இயல்பாகவே வரும். நூறு கட்டப் பாதையில் ஒரு ஜோடிக்குச் சராசரி ஒட்டுறவு சுமார் −0.001 மட்டுமே. ஆனால் ஜோடிகள் 4950. சில்லறை சேர்ந்து மூட்டையாகிவிடுகிறது.

ஜோடிவாரியாக அளக்கத்தான் வேண்டும் என்றால் இரைச்சலுக்குத் தயாராகுங்கள். அடர்த்தி பாதியாக இருக்கும்போது ஒரு ஜோடியின் ஒட்டுறவை ஒரு மாதிரியெடுப்பிலிருந்து கணித்தால் பிழை 0.25 அளவில் இருக்கும். பத்தாயிரம் தனித்தனி மாதிரிகள் எடுத்தாலும் பிழை 0.0025. நீங்கள் தேடுவதே அதைவிடச் சிறியது. பத்து லட்சம் எடுத்தால்தான் பிழை 0.00025-க்கு இறங்கும். அடுத்தடுத்த நேர அலகுகளில் எடுத்த மாதிரிகள் தனித்தனி ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எழும் பள்ளங்களையும் மேடுகளையும் பார்த்து இயற்பியல் பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

படி 7: பொய் சொல்லும் நேர்கோடு

இரு வீதமும் சமமாகவும் பாதிக்குக் கீழும் இருந்தால்? 0.25, 0.25 என்று வைத்து ஓட்டி, சராசரி அடர்த்தியை வரையுங்கள். இடப்பக்கம் 0.25-இல் தொடங்கி வலப்பக்கம் 0.75-இல் முடியும் அழகான சாய்கோடு வரும். பார்ப்பவர்கள் 'அடர்த்தி படிப்படியாகக் கூடுகிறது' என்பார்கள்.

இப்போது சராசரி எடுக்காமல் ஒரு கணத்தை மட்டும் திரையில் பாருங்கள். படிப்படியாக எதுவுமே கூடவில்லை. இடப்பக்கம் முழுக்கக் காற்றாடும் 0.25, வலப்பக்கம் முழுக்க நெரிசலான 0.75, நடுவில் ஒரு கூர்மையான சுவர். அந்தச் சுவர் குடிகாரன் மாதிரி முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் நெரிசலின் வால் நகர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். சுவர் எங்கும் சம வாய்ப்போடு இருப்பதால் சராசரி எடுத்தால் சாய்கோடு வருகிறது. அந்தச் சாய்கோட்டைப் போன்ற ஓர் அமைப்பு ஒருபோதும் இருந்ததே இல்லை.

ஒட்டுறவையும் இதிலிருந்தே எழுதிவிடலாம். பாதையின் மொத்த நீளத்தை 1 என்று வைத்து, இரு இடங்களில் இடப்பக்கத்தது மு, வலப்பக்கத்தது பி என்றால், ஒட்டுறவு = (அடர்த்திகளின் வித்தியாசம்)² × மு × (1 − பி). இங்கே வித்தியாசம் 0.5. மு கால் பங்கிலும் பி முக்கால் பங்கிலும் இருந்தால் 0.0156. குறி நேர்மறை, நீளத்தைக் கூட்டினாலும் குறைவதில்லை. பாதி பாதையைத் தாண்டி நிற்கும் இரண்டு கட்டங்களும் ஒரே சுவரின் பேச்சைக் கேட்கின்றன. முந்தைய படியின் ஆயிரத்தில் ஒன்றோடு ஒப்பிட்டால் இது மலை. 225 வந்ததும் இதனால்தான்: சுவரின் அலைச்சலால் 0.25 × 10000 ÷ 12, அதாவது 208. இரு பக்கமும் உள்ள சாதாரணச் சிதறலால் 18.75.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? பலரும் சறுக்கும் இடம் இது. சுவர் ஒவ்வொரு பக்கமும் நகரும் வீதம் = ஓட்டம் ÷ அடர்த்தி வித்தியாசம் = 0.1875 ÷ 0.5 = 0.375. இந்த வேகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைந்து சேரச் சராசரியாக 13,000 நேர அலகுக்கு மேல் ஆகும். நீளத்தை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. பத்தாயிரம் அலகு மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தினால், சுவர் தற்செயலாக எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்ததோ அதற்கேற்ற வளைகோடு கிடைக்கும், அதற்கு ஒரு புதுக் கோட்பாடும் தோன்றிவிடும். குறைந்தது பத்து லட்சம் அலகு ஓட்டுங்கள்.

இரு வீதமும் சமம் என்ற நிலையிலிருந்து கொஞ்சம் விலகினால் சுவர் ஒரு முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். நுழைவு 0.25-இல் அப்படியே இருக்க, வெளியேற்றத்தை 0.4 ஆக்கினால் வெளிவாயிலின் தாக்கம் சுமார் 4 கட்டம்தான் உள்ளே வரும். 0.3 என்றால் சுமார் 9 கட்டம், 0.26 என்றால் 39 கட்டம். இதற்கான சூத்திரம்: வெளியேற்றம் × (1 − வெளியேற்றம்) என்பதை நுழைவு × (1 − நுழைவு) என்பதால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, தலைகீழாக்குங்கள். வெளியேற்ற வீதம் பாதிக்குக் கீழ் இருக்கும்வரை இது செல்லும்.

சுவரோடு சேர்ந்தே பயணிக்க விரும்பினால் ஒரு தந்திரம் உண்டு: இரண்டாம் தரத் துகள். சாதாரணத் துகள்கள் அதைக் காலியிடம் என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போகும். காலியிடங்களைப் பொறுத்தவரை அது ஒரு துகள். பாவப்பட்ட ஜென்மம், காற்றாடும் பகுதியில் முன்னால் ஓடும், நெரிசலில் பின்னுக்குத் தள்ளப்படும், கடைசியில் சுவரின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் தோளில் ஏறி உட்கார்ந்து இரு பக்கமும் அடர்த்தியை அளந்தால் சாய்கோடு மறைந்து, கூர்மையான படி தெரியும்.

படி 8: எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்

சாலைப் போக்குவரத்துக்கு நாகல், ஷ்ரெக்கன்பெர்க் இருவரும் 1992-இல் கொடுத்த மாதிரியில், எல்லா வண்டிகளும் ஒரே கணத்தில் முடிவெடுக்கின்றன. அதிகபட்ச வேகத்தை 1 ஆக்கினால் அது டாசெப்பின் இணைப் புதுப்பிப்பு வடிவம். வளையத்தில்கூட இப்போது எல்லா அமைப்பும் சமம் ஆகாது. வண்டிகளின் இடத்தோடு அப்போதைய வேகத்தையும் சேர்த்துக் குறித்தால், சில அமைப்புகளுக்கு முன்பிறவியே கிடையாது, அதாவது வேறு எந்த அமைப்பிலிருந்தும் அங்கே வந்துசேர முடியாது.

பாதி அடர்த்தி, தாவும் நிகழ்தகவு 0.5 என்று வைத்துப் பாருங்கள். வளையத்துக்கான துல்லியமான ஓட்டம்: 1-லிருந்து, (1 − 4 × தாவும் நிகழ்தகவு × அடர்த்தி × (1 − அடர்த்தி)) என்பதன் வர்க்கமூலத்தைக் கழித்து, இரண்டால் வகுத்தால் 0.1464. இதைத் தாவும் நிகழ்தகவால் வகுத்தால் துகளுக்கு அடுத்து காலியிடம் இருக்கும் நிகழ்தகவு: 0.293. சம்பந்தமில்லாமல் இருந்தால் 0.25-தான் வரும். துகளும் காலியிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க விரும்புகின்றன. தாவும் நிகழ்தகவை 1 ஆக்கினால் துகள், காலி, துகள், காலி என்று அணிவகுப்பே நடக்கும். ஒரே விதி, ஒரே அடர்த்தி. கடிகாரம் மட்டும் மாறியது, ஒட்டுறவு முழுக்க மாறிவிட்டது. நிரல் எழுதியவர் புதுப்பிப்பு முறையைச் சொல்லாமல் ஒட்டுறவு வரைபடத்தை மட்டும் காட்டினால் நான் நம்புவதில்லை.

படி 9: டாசெப்புக்கு வெளியே

இரு திசையிலும் சமமாகத் தாவும் துகள்களை, இரு முனைகளிலும் வெவ்வேறு அடர்த்தி உள்ள தொட்டிகளோடு இணைத்தால் என்ன ஆகும் என்பதை 1983-இல் ஸ்போன் கணக்கிட்டார். அங்கும் அடர்த்தி சாய்கோடுதான். ஒட்டுறவில் (வித்தியாசம்)² × மு × (1 − பி) என்ற அதே வடிவம் வருகிறது. ஆனால் முன்னால் கழித்தல் குறி, கீழே நீளத்தால் வகுத்தல். வரைபடத்தில் இரண்டு சாய்கோடுகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் அலையும் சுவர், மற்றதில் மெய்யாகவே படிப்படியான மாற்றம். இரண்டையும் பிரித்துக்காட்ட மொத்த எண்ணிக்கையின் விலக்க வர்க்கச் சராசரி போதும்: ஒன்றில் நீளத்தின் வர்க்கத்தில் வளரும், மற்றதில் நீளத்துக்கு நேர்விகிதத்தில்.

ரைபோசோமிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒரு ரைபோசோம் சுமார் பத்து கோடான்களை (ஆர்என்ஏ இழையின் மூன்றெழுத்துச் சொற்களை) மறைத்துக்கொண்டு உட்காரும் என்பதால், நம் நிரலில் துகளின் நீளத்தை ஒன்றிலிருந்து பத்தாக மாற்ற வேண்டும். 1968-இலேயே அந்த யோசனை வந்துவிட்டது. ஆய்வகத்தில் ரைபோசோம்களின் தடங்களை லட்சக்கணக்கில் வாசித்து, எந்தக் கோடானில் எத்தனை என்று வரைபடம் போடும் முறை 2009-லிருந்து இருக்கிறது. அது பல செல்களின், பல இழைகளின் சராசரி. அதில் ஒரு மேடு தெரிந்தால், அங்கே ரைபோசோம் மெதுவாகப் போகிறதா, ஒன்றன்பின் ஒன்றாக முட்டி நிற்கிறதா என்று சராசரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் முட்டி நிற்கும் இரண்டு ரைபோசோம்கள் சேர்ந்து மறைக்கும் இரட்டைத் தடத்தை, ஒற்றைத் தடத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளமுள்ள சுமார் 60 எழுத்துத் துண்டை, தனியாகப் பிரித்தெடுத்து வாசிக்கிறார்கள். படி 2-இல் நாம் கையால் போட்ட 11 நிலையின் நிகழ்தகவைத்தான் அந்தச் சோதனை எண்ணுகிறது.